மாயாக் கல்வெட்டுக்களில் இலக்கண வேறுபாடு

மெக்சிக்கோவின் தென்கீழ்ப் பகுதி, குவாத்தமாலா, பெலீஸ், ஒண்டுராசு ஆகிய நிலப்பரப்பில் வாழ்ந்த மாயா மக்கள் தம் அரசர் வரலாற்றைக் கல்லிற் பொறித்து வைத்தனர். திக்கால் நகரிலுள்ள கி.பி. 292ஆம் ஆண்டுக் கல்லுக்கும் தொனினா நகரிலுள்ள 909ஆம் ஆண்டுக் கல்லுக்கும் இடையே அறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் உண்டு. இத்துணை நெடுங்காலம், இத்துணைப் பரந்த நிலத்தில், இலக்கணம் மாறாதிருந்ததோ என்பது ஆராயற்பாலது.

மாயா எழுத்து, சொற்குறிகளும் அசைக்குறிகளும் விரவியது. 1952இல் சோவியத் அறிஞர் யூரி குனோரோசோவ் அசைக்குறிகளின் இயல்பை விளக்கினார். சொல்லின் ஈறுகளைப் படித்தறிதல் அதன் பின்னரே கைகூடிற்று. கல்வெட்டு மொழி, இன்றும் வழங்கும் சொர்த்தி மொழிக்கு முன்னோடியானதென்றும், பல நகரத்து எழுத்தாளரும் பொதுவாகக் கையாண்ட உயர்மொழி என்றும் ஊஸ்ரன், உறொபேட்சன், ஸ்ருவாட் ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டிலே எடுத்துரைத்தனர்.

எனினும், பொதுமொழியிலும் வேறுபாடு புகுந்தது. அரசன் அரியணை ஏறியதைக் கூறுமிடத்து, 'அமர்' எனப் பொருள்படும் 'சும்' என்னும் அடி வரும். அது சில கல்வெட்டுக்களில் 'சும்லாஹ்' எனவும், வேறு சிலவற்றில் 'சும்வான்' எனவும் முடியும். பொருள் ஒன்றே, ஈறே வேறு. 'லாஹ்' பழைய ஈறு. 'வான்' ஏழாம் நூற்றாண்டில் மேற்கேயுள்ள தொர்த்துகெரோ, பலென்கே ஆகிய நகரங்களில் முதற்கண் தோன்றிப் பின் ஏனைய நகரங்களுக்குப் பரவியது என்பர். அப்பகுதியிற் பேசப்பட்ட சொந்தால் மொழியின் செல்வாக்கே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

ஒலியும் மாறிற்று. முற்காலத்தில் வன்மையான ஹகரமும் மென்மையான ஹகரமும் வெவ்வேறு குறிகளால் எழுதப்பட்டன. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்தாளர் அவற்றை மயக்கி எழுதலாயினர். வடக்கே யுக்காத்தானில் உள்ளூர் மொழியான யுக்காத்தெக்கின் கூறுகள் எழுத்திற் கலந்தன. பிற்காலத்துத் திரெஸ்டன் சுவடியில் இருமொழிக் கூறுகளும் காணப்படும்.

ஆதலின், ஓரிடத்து இலக்கணத்தைக் கொண்டு எல்லாக் கல்வெட்டையும் படித்தல் பொருந்தாது. 'பிடிபட்டான்' என்பதை எழுத்தாளர் சு, க, ஹ என்னும் மூன்று அசைகளால் எழுதினர். 'சுஹ்காஹ்' என்பதன் இடையிலுள்ள ஒலி குறிக்கப்படவில்லை. உறவு மொழிகளோடு ஒப்பிட்டே அறிஞர் அதனை மீட்டனர். தவறான மொழியை ஒப்பிடின், பிடித்தவன் யார், பிடிபட்டவன் யார் என்பதே பிறழ்ந்துவிடும்.

1562இல் மானி என்னுமூரில் இசுப்பானியத் துறவி தியேகோ தெ லாந்தா மாயாச் சுவடிகளை எரிப்பித்தார். இன்று எஞ்சியவை நான்கே. ஆகவே, ஒரு கல்லில் நின்ற சிறு வினையீறும் ஒரு மக்கட் கூட்டத்தின் பேச்சுக்குச் சான்று பகரும் அரும்பொருளாகும்.