வழக்குப் போடக் கெடு உண்டு, தீர்ப்புக்கு இல்லை

போளூர் ஒன்றியத்தில் ஊராட்சித் தலைவர் தேர்தலில் தோற்றவர் முடிவை எதிர்க்க விரும்பினால் திருவண்ணாமலை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்; போளூர் சட்டமன்றத் தொகுதியில் தோற்றவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. மனுப் போட இருவருக்கும் 45 நாள் கெடு. தேர்தல் முடியும் முன்பே போகவும் முடியாது. வேட்புமனு தள்ளுபடியானதை எதிர்த்து நாமக்கல் தொகுதியிலிருந்து பொன்னுசாமி தொடுத்த வழக்கில், தேர்தல் முடியும்வரை நீதிமன்றம் தலையிடாது என்று 1952இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடையில் கதவை அடைத்த சட்டம், கடைசிக் கதவையாவது சீக்கிரம் திறக்க வேண்டாமா? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க 'முயல' வேண்டும் என்கிறது. முயற்சிக்கு ஏது கெடு?

2016இல் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 வாக்கில் வென்றார். தி.மு.க.வின் அப்பாவு, தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட 203 தபால் வாக்குகளைச் செல்லாதென ஒதுக்கியது தவறு என்று வழக்குப் போட்டார். மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2019 அக்டோபர். எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் பேரவையின் ஆயுளே முடிந்தது. யார் சொன்னது சரி என்பதல்ல இங்கே கேள்வி. சில நூறு தாள்களைப் பற்றிய சந்தேகம் ஒரு பதவிக்காலத்தையே விழுங்கியது.

அப்படியானால் தேர்தல் ஆணையத்துக்கே தீர்ப்பதிகாரம் தரலாமே என்பார்கள். கோஸ்டாரிகாவில் தேர்தலை நடத்துவதும் தகராறைத் தீர்ப்பதும் ஒரே தீர்ப்பாயம்தான், மேல்முறையீடு கிடையாது. ஆனால் அதன் நீதிபதிகளை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தேர்ந்தெடுக்கிறது. இங்கே 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் மூவரில் பிரதமரும் அவர் நியமிக்கும் அமைச்சரும் இருவர். நடத்தியவர் குறையை அவரிடமே முறையிடுவதைத் தோற்றவர் எப்படி நம்புவார்? தனித் தீர்ப்பாயமும் நமக்குப் புதிதல்ல. ஆணையம் நியமித்த தேர்தல் தீர்ப்பாயங்கள் இருந்தன. 1966இல் அவற்றை ஒழித்துத்தான் உயர் நீதிமன்றத்திடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆகவே பணியிலுள்ள உயர் நீதிமன்ற நீதிபதிகளையே தேர்தல் வழக்குகளுக்கென்று தனி அமர்வாக, வேறு வழக்கு ஒதுக்காமல் உட்கார வைப்பதே பொருத்தம். அவசரத்தில் நீதி கெடும் என்ற அச்சம் நியாயமானது. இருந்தாலும் மெக்சிகோவில் ஜூனில் நடக்கும் அதிபர் தேர்தலின் வழக்குகளைத் தேர்தல் தீர்ப்பாயம் செப்டம்பர் 6க்குள் தீர்த்தாக வேண்டும். அது ஒரு நாடு முழுவதன் வாக்கு. ஒரு தொகுதிக்கு ஆறு மாதம், உச்ச நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு இன்னொரு மூன்று மாதம் என்று சட்டத்திலேயே எழுதி, அந்த 'முயல'வை அடித்துவிடலாம்.