ஏலக்காய் மலைக்கு மறுபக்கம் ஒரு தேவாலயம்... அதன் பொறுப்பில் தராசு! இடைக்கால கிறிஸ்தவ முத்திரைகள் சொல்லும் கதை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் இப்போது இ-ஏலத்தில் கைமாறுகிறது. வியாபாரி சாம்பிளைப் பார்க்கிறார், திரையில் விலை கேட்கிறார். விளைவித்த விவசாயியின் முகம்கூட அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எடை சரி, சரக்கு இதுதான் என்று நடுவில் ஒரு அமைப்பு பொறுப்பேற்கிறது. அந்த நம்பிக்கையில்தான் பணம் நகர்கிறது.

சரி, கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இந்த நம்பிக்கையைக் கொடுத்தது யார்?

*கொல்லத்தில் நடந்தது என்ன?*

போடிமெட்டு ஏறி மேற்கே இறங்கினால் கேரளம். அதன் தென்கோடித் துறைமுகங்களில் ஒன்று கொல்லம். கி.பி. 849-ல், சேர மன்னன் தாணு ரவியின் காலத்தில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் அங்கிருந்த தரிசாப்பள்ளி தேவாலயத்துக்கு ஒரு செப்புப் பட்டயம் கொடுத்தார். எழுத்து, நம்ம ஊர்க் கல்வெட்டுகளில் இருக்கும் அதே வட்டெழுத்து.

அதில் நிலமும் வரிச்சலுகையும் மட்டும் இல்லை. வாரக்கோல், பஞ்சக்கண்டி, கப்பான் ஆகியவற்றைக் காக்கும் பொறுப்பும் தேவாலயத்துக்கே. முதல் இரண்டும் எடை, அளவு சம்பந்தப்பட்டவை. கப்பானை முத்திரை என்று ஆய்வாளர்கள் பொருள்கொள்கிறார்கள். சிம்பிளா சொன்னா, ஊர்ச் சந்தையின் தராசு தேவாலயத்தின் பொறுப்பில்!

இதற்கு சாட்சிக் கையெழுத்து போட்டவர்கள் அரபி, பஹ்லவி, யூத-பாரசீகம் என 3 எழுத்துகளில் போட்டிருக்கிறார்கள். பல மதத்து வணிகர்களும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது.

*முத்திரையில் சாமி படம் எதற்கு?*

ஐரோப்பாவிலும் இதே சிக்கல்தான். பெரும்பாலானவர்களுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் முத்திரையில் படம் பேசியது. கையில் சாவி இருந்தால் பேதுரு. வாள் இருந்தால் பவுல். கொடி ஏந்திய ஆட்டுக்குட்டி என்றால் இயேசு. மடங்களும் பேராலயங்களும் குழந்தை இயேசுவோடு மரியாளை விரும்பிப் பொறித்தன.

பிஷப்புகளின் முத்திரை பெரும்பாலும் வட்டமாக இருக்காது. மேலும் கீழும் கூர்மையான நீள்வட்டம். நிற்கும் உருவம் அதில் கச்சிதமாகப் பொருந்தும்: ஒரு கை ஆசீர்வதிக்கும், மறு கையில் செங்கோல். ஓரத்தில் சுற்றி ஓடும் எழுத்து ஒரு குட்டிச் சிலுவையோடு தொடங்கும்.

இதெல்லாம் அலங்காரம் இல்லை. 'இந்தப் பேச்சுக்கு இந்தப் புனிதர் சாட்சி' என்ற உறுதிமொழி.

*போப் இறந்தால் முத்திரை என்ன ஆகும்?*

ஐரோப்பாவில் பெரும்பாலானவர்கள் மெழுகில் முத்திரையிட, போப்பின் ஆவணங்களில் ஈயத்தில் தொங்கியது. அதன் பெயர் 'புல்லா'. ஒரு பக்கம் பேதுரு, பவுல் தலைகள். மறுபக்கம் போப்பின் பெயர். போப் இறந்ததும் பெயர் அச்சை உடைத்துவிடுவார்கள். அப்போஸ்தலர்கள் பக்கம் தொடரும். ஆள் மாறலாம், அமைப்பு மாறாது என்பதுதான் செய்தி. நம்ம பாஷையில், பழைய பாஸ்வேர்டு கேன்சல்!

1329-ல் கொல்லத்தை மறைமாவட்டமாக்கி, ஜோர்டானஸை பிஷப்பாக நியமித்த போப் 22-ம் யோவான் பயன்படுத்தியதும் இந்த வகை முத்திரைதான்.

*கிழக்கில் வேறு முத்திரையா?*

ஆமாம். கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் அப்போது ரோமை அல்ல, பாக்தாத் பக்கமிருந்த கிழக்குத் திருச்சபையைப் பார்த்தார்கள். 1301-ல் கொடுங்கல்லூரில் சக்கரியா என்ற 14 வயதுப் பையன் எழுதி முடித்த சிரியாக் பிரதியில், அந்தத் திருச்சபையின் தலைவர் யாபல்லாகா பெயர் வருகிறது. அதே யாபல்லாகா 1302, 1304-ல் போப்புகளுக்கு அனுப்பிய கடிதங்களில் சதுர முத்திரை. நடுவில் சிலுவை, சுற்றி சிரியாக் எழுத்தில் துருக்கிய மொழி. மங்கோலியப் பேரரசர் தந்த முத்திரை அது. இதில் புனிதர் உருவம் இல்லை, சிலுவை மட்டுமே.

*போலி வரவில்லையா?*

வராமலா? உண்மையான கடிதத்திலிருந்து ஈய முத்திரையைக் கழற்றிப் பொய்க் கடிதத்தில் மாட்டினார்கள். போப் 3-ம் இன்னொசென்ட், போலிகளைக் கண்டுபிடிக்கும் வழிகளைப் பட்டியல் போட்டே எழுதவேண்டி வந்தது.

ஈயமோ, மெழுகோ, இன்றைய க்யூஆர் கோடோ, எதையும் காப்பியடிக்கலாம். முத்திரைக்கு மதிப்பு கொடுப்பது அதன் பின்னால் நிற்பவர்களின் நேர்மை மட்டுமே. 849-ல் கொல்லத்து வணிகர்கள் தராசை யார் கையில் கொடுப்பது என்று யோசித்ததும் அதனால்தான். அந்தச் செப்பேடுகள் இன்றும் கோட்டயத்திலும் திருவல்லாவிலும் பத்திரமாக இருக்கின்றன.