மயில் இறங்கியது, இருவாச்சி இறங்கவில்லை

மயிலாடும்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "விதைத்த கடலையை மயில் கிளறித் தின்றுவிடுகிறது. காட்டை அழித்ததால்தான் ஊருக்குள் வருகிறது என்கிறார்களே, உண்மையா?"

எனக்கு அந்த விளக்கம் ஒப்பவில்லை. காடு குறைந்ததுதான் காரணம் என்றால் மேகமலையின் பெரிய இருவாச்சியும் வருசநாட்டுத் தோப்புகளில் குடியேறியிருக்க வேண்டும். அது மலையை விட்டு இறங்கவில்லை. மயிலோ அடர்காட்டுப் பறவையே அல்ல. புதர்க்காடும் காட்டோரமும்தான் அதன் வீடு. யார் இறங்கலாம், யார் இறங்க முடியாது என்பதைத் தீர்மானிப்பது தோகையோ அலகோ அல்ல, குஞ்சுதான்.

வீடு தேடும் இரண்டு குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். இருவாச்சிப் பெட்டைக்குப் பெருமரத்தில் ஒரு பொந்து வேண்டும். உள்ளே போய், எச்சத்தைக் குழைத்து வாசலை அடைத்து, அலகு நுழையும் கீற்று மட்டும் விடும். அந்தச் சன்னல் வழியே ஆண் மாதக்கணக்கில் அத்திப்பழங்களை ஊட்ட வேண்டும். குஞ்சு கண் திறக்காமல், இறகில்லாமல் பிறக்கும். அடுத்த ஆண்டும் அந்த இணை பெரும்பாலும் அதே அறையைத்தான் தேடி வரும். நம் தென்னந்தோப்பில் அப்படி ஓர் அறை ஏது?

மயில் பெட்டைக்கு அறையும் வேண்டாம், தொட்டிலும் வேண்டாம். சீமைக்கருவேலம் புதரடியில் மண்ணைக் கிளறிப் பள்ளமாக்கி முட்டையிடும். ஏறக்குறைய 28 நாள் அடைகாக்கும். விந்தை முட்டைக்குள்தான் இருக்கிறது. குஞ்சு பொரிந்ததுமே நடக்கும் பறவைகளின் முட்டையில் மஞ்சள்கரு அதிகம். பொரிவதற்குச் சற்று முன், மிச்ச மஞ்சள்கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடும். முதல் ஓரிரு நாளுக்கு அதுதான் கட்டுச்சோறு. கண் விழித்து, மென்தூவி போர்த்து வெளியே வரும் குஞ்சு சில மணி நேரத்தில் நடக்கும். கட்டுச்சோறு தீருமுன் தாய் அலகால் காட்டும் கறையானையும் வெட்டுக்கிளியையும் கொத்தப் பழகிவிடும். தட்டைக் கையோடு எடுத்துவரும் பிள்ளை! எந்த வீட்டிலும் அது பிழைத்துக்கொள்ளும்.

அதற்கு வேண்டியவை மூன்று: ஒளிய முள்புதர், குஞ்சுக்குப் பூச்சி, இரவில் அடைய உயர்ந்த மரம். ஆழ்குழாய்க் கிணற்று நீர் பாயும் வயலில் கோடையிலும் பூச்சி உண்டு. வரப்போரம் புதர் உண்டு. இலவ மரங்களோ வருசநாட்டுப் பள்ளத்தாக்கின் அடையாளமே. முட்டை தின்னும் நரியும் அருகிவிட்டால் தடை இன்னும் குறைகிறது. மூன்றையும் அருகருகே அமைத்துக் கொடுத்தது நம் விவசாயம்தான்.

வரலாறு சுருக்கமாக: 1963இல் தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைகளைக் கணக்கெடுத்தபோது மயில் தென்படவில்லை; இன்று மலைக்கு அப்பால் கேரளத்திலும் அது பெருகியிருக்கிறது. உடனே "மயில் வந்தால் பாலைவனம் வரும்" என்று எழுதுகிறார்கள். வறட்சிக்கும் பங்கிருக்கலாம், ஒரே பறவையை வைத்து நாட்டின் பருவநிலையைக் கணிப்பது அவசரம்.

கடலை பறிகொடுத்தவரின் கோபம் நியாயமானது. வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டுகிறார்கள், தகரம் தட்டுகிறார்கள். மயில் சில நாளில் பழகிவிடுகிறது. வாசகருக்கு என் பதில் இதுதான்: அடுத்த விதைப்புக்கு முன், வரப்போரப் புதரடியைப் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்கு மேல் தேய்ந்த பள்ளமும் வெளிர்மஞ்சள் ஓட்டுத் துண்டுகளும் கிடந்தால், குடும்பம் உங்கள் நிலத்தில்தான் பிறந்திருக்கிறது, காட்டிலிருந்து வரவில்லை.