விமானி தரையில் நிற்கிறார்

உங்களைவிட்டு விலகிப் பறந்துகொண்டிருக்கும் மாதிரி விமானத்தை வலப்பக்கம் திருப்ப வேண்டும். டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுகிறீர்கள். விமானமும் சொன்ன பேச்சைக் கேட்டு வலப்பக்கம் சாய்ந்து திரும்புகிறது. அரைவட்டம் அடித்து அது உங்களை நோக்கி வரத் தொடங்கியதும், அதே ஸ்டிக்கை அதே வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு அது இடப்பக்கம் ஓடும். விமானத்தின் மீது குற்றமில்லை, அதற்கு வலது அதுதான். இதைப் புத்தியால் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். கட்டைவிரலுக்குப் புரிய வாரக்கணக்கில் ஆகும். புதிதாகக் கற்பவர்களின் விமானங்களில் ஏராளமானவை இந்தத் திருப்பத்தில்தான் மண்ணைக் கவ்வுகின்றன.

நிஜ விமானத்தை ஓட்டுபவர் அதற்குள் உட்கார்ந்திருக்கிறார். விமானம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருடைய வலது வலதாகவே இருக்கிறது. வேகம் குறைந்தால் காற்றின் இரைச்சல் மாறுகிறது, கருவிகள் காட்டுகின்றன, பிடித்திருக்கும் கம்பியே தளர்ந்து தெரிகிறது. ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தின் விமானியோ நூறு மீட்டர் தள்ளித் தரையில் நிற்கிறார். அவருக்குக் கண் மட்டும்தான் துணை. இந்தக் கலையின் கருவிகள், பழக்கங்கள், பறக்குமுன் மேசையில் செய்யும் வேலைகள் எல்லாமே பெரும்பாலும் இந்த ஒரு குறையை ஈடுகட்ட வந்தவை. விளையாட்டுப் பொருள்போலத் தெரிகிறது என்பதற்காக ஓட்டுவது சுலபம் என்று நினைத்து வாங்குபவர்களுக்கு இது முதல் நாளே தெரிந்துவிடும்.

1937-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள் 'கஃப்' என்று பெயரிட்ட மாதிரி விமானத்தை ரேடியோ வழியே பறக்கவைத்தார்கள். அது இன்று ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கருவிகளில் நுணுக்கமான கட்டுப்பாடு கிடையாது. ரப்பர் முறுக்கில் இயங்கும் ஒரு சிறு பொறி சிக்னல் வந்தால் வால் சுக்கானை ஒரேயடியாக ஒரு பக்கம் திருப்பும், சிக்னல் நின்றால் நடுவுக்குக் கொண்டுவரும். கொஞ்சமாகத் திருப்புவது என்ற பேச்சே இல்லை.

அந்தக் 'கொஞ்சமாக' என்பதைச் சாத்தியமாக்கியது சர்வோ. தீப்பெட்டி அளவுள்ள பெட்டிக்குள் ஒரு மோட்டார், சில பல்சக்கரங்கள், சக்கரம் இப்போது எங்கே நிற்கிறது என்று அளந்து சொல்லும் ஒரு மின்தடை. விமானத்தில் உள்ள ரிசீவர் சர்வோவுக்கு நொடிக்குச் சுமார் 50 முறை மின்துடிப்பு அனுப்புகிறது. துடிப்பு 1.5 மில்லிநொடி நீடித்தால் நடுவில் நில் என்று அர்த்தம். 1 மில்லிநொடி என்றால் ஒரு கோடி, 2 மில்லிநொடி என்றால் மறுகோடி. இடைப்பட்ட நீளங்களுக்கு இடைப்பட்ட இடங்கள். ஸ்டிக்கை நீங்கள் ஒரு நூலளவு நகர்த்தினால் இறக்கையின் ஓரத்தில் உள்ள எய்லரான் என்ற பலகையும் ஒரு நூலளவு நகர்வது இதனால்தான்.

ரேடியோவின் கதையில் பெரிய மாற்றம் 2000-களின் நடுவில் வந்தது. அதற்கு முன்பு அமெரிக்காவில் 72, ஐரோப்பாவில் 35 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள். ஒவ்வொரு செட்டிலும் ஒரு கிரிஸ்டல் இருக்கும். ஒரே எண் கொண்ட கிரிஸ்டலோடு மைதானத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் பறந்துகொண்டிருக்கும் விமானம் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் விழும். அதனால் கிளப்புகளில் எண் எழுதிய கிளிப்புகளை ஒரு பலகையில் மாட்டிவைத்திருப்பார்கள். கிளிப் கையில் இருப்பவர் மட்டுமே பறக்கவிடலாம். இப்போதுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகளில் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒருமுறை ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொண்டால் வேறு யார் பேசினாலும் காதில் வாங்குவதில்லை. தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். மோட்டாரை நிறுத்து என்று சொல்லிவைப்பதே முறை. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி விமானத்துக்கு வருவோம். நல்ல டிரெய்னர் விமானம் தானே பறக்கத் தெரிந்தது. அதன் இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருக்கும். இரண்டு பக்கமும் நுனி சற்று உயர்ந்து, விரிந்த 'வி' போல இருக்கும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமே வழுக்கத் தொடங்குகிறது. அப்போது தாழ்ந்த இறக்கையைக் காற்று அதிகக் கோணத்தில் தாக்குவதால் அதற்கு ஏற்றுவிசை கூடுகிறது, விமானம் நிமிர்ந்துவிடுகிறது. கிண்ணத்துக்குள் போட்ட கோலிக்குண்டு எங்கே தள்ளினாலும் நடுவுக்கே உருண்டு வருவதுபோல. ஹெலிகாப்டர், அதே கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் முதுகில் கோலிக்குண்டை நிறுத்தப் பார்ப்பது. ஒன்றைக் கற்ற கை மற்றதற்கு அப்படியே பழகிவிடாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே முதல் விமானமாக, ஃபோமில் செய்த, மேல் இறக்கை கொண்ட டிரெய்னர் ஒன்றையே வாங்க வேண்டும் என்பது என் கட்சி. இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஓராண்டு அலமாரியில் வைத்துப் பாருங்கள். காசு குறைவென்றால், விளம்பரப் பலகைக்குப் பயன்படும் சன்பேக் ஷீட்டை வெட்டிச் சொந்தமாகவே செய்துவிடலாம். நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். தெர்மாகோலில் செய்தால் மட்டும் ஃபெவிக்விக் பக்கம் போகாதீர்கள். அது தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

விமானத்தை மேசையில் தயார்செய்வதில் முதல் வேலை எடைச் சமநிலை. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம் தள்ளி, இரண்டு பக்கமும் ஒரு விரலால் தாங்கித் தூக்கினால் விமானம் நேராகவோ, மூக்கு மிகச் சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி இதைச் சரிசெய்வார்கள். மூக்கு கனமான விமானம் மந்தமாகப் பறக்கும். வால் கனமானது ஒரே ஒரு முறைதான் பறக்கும் என்பது மைதானங்களில் புழங்கும் பழைய கிண்டல். அடுத்தது திசை. விமானத்தின் வாலுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் எய்லரான் மேலே எழ வேண்டும், இடதில் உள்ளது கீழே இறங்க வேண்டும். ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் வாலிலுள்ள எலிவேட்டர் பலகை மேலே எழ வேண்டும். ஒவ்வொரு முறையும், புறப்படுமுன், இதைப் பார்க்க வேண்டும். எய்லரான் தலைகீழாக இணைந்திருப்பதை வானத்தில் கண்டுபிடித்தால் திருத்த நேரம் இருக்காது.

எதிரே வரும் விமானத்தின் இடவலக் குழப்பத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. வலது எது, இடது எது என்று யோசிக்கவே வேண்டாம். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், அடியில் முட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு. விமானம் நிமிர்ந்துவிடும். இதைக் கணினியில் சிமுலேட்டர் வைத்து, சொந்த டிரான்ஸ்மிட்டரையே அதில் மாட்டிப் பழகலாம். சிமுலேட்டரில் நூறு முறை நொறுக்கினாலும் செலவில்லை. அது முழுமையாகக் கற்றுத்தராதது ஒன்று, காற்று. நிஜ மைதானத்தில் எதிர்க்காற்றில் ஏறி எதிர்க்காற்றிலேயே இறங்க வேண்டும். இறங்கும்போது ஓடுபாதையை எட்டாதோ என்ற பயத்தில் எலிவேட்டரை மட்டும் இழுத்துக்கொண்டே போனால் வேகம் செத்து, ஏற்றுவிசை அறுந்து, விமானம் ஒரு பக்கமாகக் கவிழும். எட்டாது என்று தோன்றினால் மோட்டாருக்கு விசை கொடுக்க வேண்டும்.

ஹெலிகாப்டரில் கதையே வேறு. மேலே சுழலும் ரோட்டர் ஒரு பக்கம் சுழன்றால் உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கிறது. வாலில் உள்ள சிறு ரோட்டர் அதைத் தடுத்துப் பிடிக்கிறது. முன்னே, பின்னே, பக்கவாட்டில் போவதற்கு ரோட்டரையே சாய்க்க வேண்டும். அதைச் செய்வது ஸ்வாஷ்பிளேட். ரோட்டர் தண்டைச் சுற்றி இரண்டு வளையங்கள். கீழ்வளையம் சுழலாது, மூன்று சர்வோக்கள் அதைச் சாய்க்கும். மேல்வளையம் ரோட்டரோடு சுழன்றபடி, அந்தச் சாய்வை ஒவ்வொரு இறக்கைத் தகட்டுக்கும் கொண்டுபோகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தகடு ஒரு பக்கம் அதிகக் கோணமும் எதிர்ப்பக்கம் குறைந்த கோணமும் எடுக்கிறது. இதில் ஒரு விந்தை: முன்பக்கம் சாய வேண்டுமென்றால் கோணத்தைப் பின்பக்கம் கூட்டினால் போதாது, ஏறக்குறைய 90 பாகை முன்னதாகவே கூட்ட வேண்டும். சுழலும் பொருளைத் தள்ளினால் அது தள்ளிய இடத்தில் அசையாமல் கால்சுற்று கழித்து அசைகிறது. இந்தக் கணக்கை இணைப்புக் கம்பிகளின் அமைப்பே போட்டுக்கொள்கிறது.

இவ்வளவு இருந்தும் பல ஆண்டுகள் மாதிரி ஹெலிகாப்டர்கள் ஒழுங்காகப் பறக்கவில்லை. ரோட்டர் மிகவும் வேகமாக எதிர்வினை காட்டியது. வெளியே நிற்கும் மனிதனின் கண்ணும் கையும் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1960-களின் கடைசியில் இதை வென்றார். ரோட்டருக்குக் குறுக்கே, நுனியில் சிறு துடுப்புகள் கொண்ட ஒரு கம்பியை வைத்தார். ஸ்டிக்கின் கட்டளை முதலில் அந்தக் கம்பியைச் சாய்க்கும், கம்பி பிறகு ரோட்டரைச் சாய்க்கும், ஹெலிகாப்டர் நிதானப்பட்டது. இந்த யோசனை பெரிய ஹெலிகாப்டர்களிலிருந்து வந்தது. பெரியவற்றுக்கு அது எங்கிருந்து வந்தது என்றால், மாதிரிகளிலிருந்து! ஆர்தர் யங் 1930-களில் பென்சில்வேனியாவின் பவோலியில் இருந்த தன் பண்ணையில் சிறு மாதிரிகளை உடைத்து உடைத்துத்தான் நிலைப்படுத்தும் கம்பியைக் கண்டுபிடித்தார். அதோடு வந்த பெல் 47, 1946-இல் பொதுப் பயன்பாட்டுச் சான்றிதழ் பெற்றது. இன்றைய மாதிரிகளில் அந்தக் கம்பி பெரும்பாலும் போய்விட்டது. செல்போனில் இருப்பது போன்ற கைரோ சில்லு மூன்று அச்சிலும் அசைவை உணர்ந்து சர்வோக்களைத் திருத்துகிறது. உள்ளே விமானி இல்லாத குறையை முதலில் ஒரு கம்பி தீர்த்தது, இப்போது ஒரு சில்லு.

ஆனாலும் இது டிரோன் அல்ல. ஜி.பி.எஸ். உள்ள டிரோனின் ஸ்டிக்கை விட்டுவிட்டால் அது அந்தரத்தில் நிற்கும். சாதாரணமாக அமைத்த மாதிரி ஹெலிகாப்டரில் விட்டுவிட்டால் அது எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கும்.

ஹெலிகாப்டரை மேசையில் தயார்செய்ய ஒரு மாலை முழுவதும் போகலாம். முதலில் மோட்டாரின் மூன்று கம்பிகளையும் கழற்றிவிட வேண்டும். இதில் சமரசமே கூடாது. 35 செ.மீ. நீளத் தகடுகள் நிமிடத்துக்கு 2,800 முறை சுழன்றால் நுனியின் வேகம் மணிக்கு 370 கிலோமீட்டரை நெருங்குகிறது. 2013-இல் நியூயார்க்கில் இன்னும் பெரிய மாதிரி ஹெலிகாப்டர் ஒன்று தாக்கி, அதை ஓட்டியவரே இறந்தார். கம்பிகளைக் கழற்றியபின், ஏற்றி இறக்கும் ஸ்டிக் நடுவில் இருக்கும்போது தகடுகளின் கோணம் பூஜ்யமாக இருக்கிறதா என்று கோணமானியால் பார்ப்பார்கள். நிலையாக நிற்க 5 பாகைக்குப் பக்கத்தில் வேண்டும். கற்பவர்களுக்கு ஸ்டிக்கின் அடிக்கோடியில் இரண்டு மூன்று பாகைக்கு மேல் எதிர்க்கோணம் வைக்கக்கூடாது. பதற்றத்தில் ஸ்டிக்கை இறக்கினால் தரையில் அறைந்துவிடும். பிறகு கைரோ. வாலைக் கையால் ஒரு பக்கம் தள்ளினால் அதை எதிர்ப்பக்கம் இழுக்கும் திசையில் வால் சர்வோ அசைய வேண்டும். மாறி அசைந்தால் கைரோ உதவி செய்வதற்குப் பதில் சுழற்சியை வளர்த்துவிடும், ஹெலிகாப்டர் எழும்போதே பம்பரமாகும். கடைசியாக, இரண்டு தகடுகளின் நுனியிலும் வெவ்வேறு நிற டேப் ஒட்டி, மோட்டாரை இணைத்துத் தள்ளி நின்று சுழலவிட்டு, பக்கவாட்டிலிருந்து பார்ப்பது. இரண்டு நிறமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். ஒன்று மேலே ஓடினால் அதன் இணைப்புக் கம்பியை அரைச்சுற்றுத் திருகிக் குறைப்பார்கள்.

பறக்கக் கற்கும் முறை மட்டும் மாறவே இல்லை. சறுக்குக் கால்களின் அடியில் இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, நுனிகளில் பந்து மாட்டுவார்கள்; கவிழாமல் தாங்கும். வால் உங்கள் பக்கம் இருக்க, ஓரிடத்தில் நிறுத்துவதே முதல் பாடம். தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்தில் பழகுவதுதான் பத்திரம் என்று எல்லோருக்கும் தோன்றும். அங்கேதான் ரோட்டர் தள்ளிய காற்று தரையில் மோதித் திரும்பி ஹெலிகாப்டரைக் குலுக்குகிறது. ஒரு மீட்டருக்கு மேலே ஏறினால் அது அடங்கும். வால் பக்கம் பழகியதும் பக்கவாட்டில் நிறுத்துவது. கடைசியில் மூக்கை உங்கள் பக்கம் திருப்பி நிறுத்துவது. அங்கே இடமும் வலமும் மட்டுமல்ல, முன்னும் பின்னும்கூட மாறிவிடும். விமானத்துக்குச் சொன்ன முட்டுக்கொடுக்கும் தந்திரம் இங்கே பாதிதான் உதவும். மீதி, சிமுலேட்டர் முன் உட்காரும் மணிநேரங்களைப் பொறுத்தது.

பேட்டரி பற்றிச் சுருக்கமாக. லைப்போ (லித்தியம் பாலிமர்) செல் ஒன்று முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், பயன்படுத்தாமல் எடுத்துவைக்க 3.8, எக்காரணம் கொண்டும் 3 வோல்டுக்குக் கீழே இறக்கக்கூடாது. உப்பினால் தூக்கியெறிய வேண்டிய காலம் வந்துவிட்டது. சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

இந்தியாவில் 2021-இன் டிரோன் விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சைப் பகுதியில் 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. மஞ்சள், சிவப்புப் பகுதிகளில் தேவை. என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களுக்கு ஏரோமாடலிங் இன்றும் ஒரு பயிற்சி. நடிகர் அஜித்குமார் இந்தப் பொழுதுபோக்கில் தொடங்கி, சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' குழுவுக்கு ஆலோசகரானது பலருக்கும் தெரிந்ததுதான். கூடத் துணைக்கு அனுபவசாலி ஒருவர் நிற்கும் மைதானம் கிடைத்தால் பாதிச் செலவு மிச்சம்.

மோட்டார் நின்றுவிட்டால்? விமானம் சறுக்கி இறங்கும். ஹெலிகாப்டரும் இறங்கும், செங்கல்லைப் போல அல்ல. தகடுகளின் கோணத்தை உடனே குறைத்தால், விழும்போது கீழிருந்து ஏறும் காற்று ரோட்டரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். தரைக்கு ஓரிரு மீட்டர் இருக்கையில் கோணத்தைச் சட்டென்று கூட்டினால், சுழற்சியில் சேர்ந்திருந்த சக்தி ஏற்றுவிசையாகி ஹெலிகாப்டரை மெதுவாக இறக்கிவைக்கும். அந்தச் சக்தி ஒரு தடவைக்குத்தான் போதும். உயரத்திலேயே கூட்டிவிட்டால் தரை வரை தாங்க எதுவும் மிஞ்சாது. தேர்ந்தவர்கள் டிரான்ஸ்மிட்டரில் உள்ள திராட்டில் ஹோல்டு சுவிட்சைத் தட்டி, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்தி இதைப் பழகுகிறார்கள்.