காருக்குள் வரும் காற்றும் கரும்பு அரவைக் காலமும்

திருக்கோவிலூர் வட்டாரச் சாலைகளில் ஓடும் ஒரு காருக்குள் எந்த மாதத்தில் எத்தகைய காற்று நுழைகிறது என்பதை அறிய, அக்காரின் ஏசி ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தாலே போதும். தை, மாசியில் கழற்றப்படும் ஃபில்டரின் மடிப்புகளுக்கிடையே கரும்புச் சோகை எரிந்த கருந்துகளும் நெல் சுணையும் உளுந்துப் பொட்டும் அடைந்திருக்கும். சித்திரை, வைகாசியில் கழற்றப்படுவதில் செம்மண் புழுதி படிந்து, அதன்மேல் வேப்பம்பூவும் காய்ந்த புளிய இலையும் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே புழுதி ஈரத்தில் குழைந்து மக்கிய வாடை வீசும். இதைப் புதுப்பிக்க ஒர்க் ஷாப்புக்குப் போக வேண்டியதில்லை என்பதும், பெரும்பாலான கார்களில் திருப்புளிகூட இல்லாமல் வீட்டு வாசலிலேயே கால் மணி நேரத்தில் மாற்றிவிடலாம் என்பதும் பலருக்குத் தெரியாத காரணத்தால், கார் விற்கப்படும் நாள்வரை கம்பெனியில் பொருத்திய ஃபில்டரோடே ஓடும் வண்டிகள் ஊரில் குறைவல்ல.

காரில் காற்றை வடிகட்டும் பாகங்கள் இரண்டு உண்டு. பானெட்டுக்குள் இருந்துகொண்டு எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டுவது ஏர் ஃபில்டர். பயணிகள் சுவாசிக்கும் காற்றை வடிகட்டுவது கேபின் ஃபில்டர், அதாவது உதிரிபாகக் கடைகளில் ஏசி ஃபில்டர் என்று கேட்டால் எடுத்துத் தரப்படுவது. முன் கண்ணாடியின் அடியில், வைப்பர் கைகள் படுத்திருக்கும் பள்ளத்தில் உள்ள துளைகள் வழியே வெளிக்காற்று உள்ளிழுக்கப்பட்டு, புளோயர் என்னும் ஊதுவிசிறியால் தள்ளப்பட்டு, கூலிங் காயில் என்று மெக்கானிக்குகள் சொல்லும் குளிர்ச்சுருளைக் கடந்து, டேஷ்போர்டின் திறப்புகள் வழியே முகத்தில் வந்து விழுகிறது. இந்தப் பாதையில் புளோயருக்கு முன்போ, புளோயருக்கும் கூலிங் காயிலுக்கும் நடுவிலோ, விசிறி மடிப்பாக மடித்த செயற்கை இழைத் தாள் ஒன்று சட்டத்துக்குள் செருகப்பட்டிருக்கும்; அதுவே கேபின் ஃபில்டர். ஸ்வீடன் நாட்டுச் சாப் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட 900 என்னும் கார் இவ்வசதியைக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒன்று. இந்தியாவில் ஏசி இல்லாத கார் அரிதாகிவிட்ட பின்னரே இது பரவலாயிற்று.

இவ்வட்டாரத்தின் தூசி ஒரே வகையானதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்ணையாற்றுப் பாசனத்தாலும் ஏரி, கிணற்றுப் பாசனத்தாலும் விளையும் கரும்பு, மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயப்பாளையம், பெரியசெவலை ஆகிய ஊர்களின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கார்காலத்தின் இறுதியிலிருந்து கோடைவரை டிராக்டர்களிலும் லாரிகளிலும் ஏற்றிச் செல்லப்படுகிறது. வெட்டு முடிந்த வயலில் சோகையைக் கொளுத்துவது இன்னும் ஓயவில்லை. அதே காலத்தில் சம்பா அறுவடை முடிந்து, களம் போதாமல், தார்ச்சாலையின் ஓரத்திலேயே நெல் காயப்போடப்படுவதும், உளுந்துச் செடியும் கொள்ளும் வண்டிச் சக்கரங்களே போரடிக்கட்டும் என்று சாலையின் குறுக்கே பரப்பப்படுவதும் வழக்கம். சக்கரம் ஏறியதும் எழும் சுணையும் பொட்டும் அடுத்து வரும் காரின் வைப்பர் பள்ளத்துக்குள்தான் இறங்குகின்றன. சாலையோரங்களில் மண்டியிருக்கும் பார்த்தீனியத்தின் மகரந்தமும், ஏரிக்கரைகளைப் பிடித்துக்கொண்ட சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் ஒவ்வாமையையும் இழுப்பையும் தூண்டக்கூடியவை என்பது மருத்துவ உலகம் அறிந்தது.

இவற்றின் பருமன் முக்கியமானது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான் எனப்படும். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான். சாலைப் புழுதியும் மகரந்தமும் பெரும்பாலும் 10 மைக்ரானை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதால் மூக்கிலும் தொண்டையிலும் தங்கித் தும்மலாகவும் சளியாகவும் வெளியேறிவிடும். சோகை எரியும் புகையிலும் டீசல் புகையிலும் உள்ளவையோ 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. அவை நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை செல்லும். இந்தியா 2009-இல் வகுத்த தேசியத் தரம், இந்நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மிகக்கூடாது என்கிறது. உலக சுகாதார அமைப்பு 2021-இல் வைத்த அளவு 15 மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் புழுதியைக் கண்டு கண்ணாடியை ஏற்றுகிறவர்கள், தொலைவில் நீலமாகப் படர்ந்திருக்கும் சோகைப் புகைக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவது இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

ஃபில்டர் சல்லடையைப் போல வேலை செய்கிறது என்ற பொது நம்பிக்கை பாதி உண்மை. அதன் இழைகளுக்கு இடையிலான இடைவெளி, அது பிடிக்கும் துகள்களில் பெரும்பாலானவற்றைவிடப் பெரியது. காற்று இழையைச் சுற்றி வளைந்து செல்லும்போது, கனமான துகள் வளைய முடியாமல் நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிக நுண்ணிய துகளோ காற்று மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டு, அங்குமிங்கும் தடுமாறி ஏதேனும் ஓர் இழையில் சிக்குகிறது. இவ்விரண்டுக்கும் நடுப்பட்ட, சுமார் 0.3 மைக்ரான் அளவுள்ள துகளே பிடிபடுவதற்குக் கடினமானது. அதற்காகவே நல்ல ஃபில்டர்களின் இழைகளுக்கு உற்பத்தியின்போது நிலைமின்னூட்டம் ஏற்றப்படுகிறது; அம்மின்னூட்டம் நுண்துகளைத் தன்பால் இழுத்துக்கொள்ளும்.

வாட்டர் சர்வீஸ் கடைகளில் நடக்கும் ஒரு பழக்கத்தின் தவறு இங்கேதான் விளங்கும். வண்டியைக் கழுவியபின் ஃபில்டரை உருவி, கம்ப்ரஸர் குழாயால் ஏர் அடித்து, சில வேளைகளில் தண்ணீரிலும் அலசி, வெயிலில் வைத்து மீண்டும் செருகிவிடுகிறார்கள். தூசி பறப்பது கண்ணுக்கு நிறைவாக இருந்தாலும், அழுத்தக் காற்று இழைகளை விலக்கி, மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை உண்டாக்குகிறது. தண்ணீரும் சோப்பும் மின்னூட்டத்தைக் குலைக்கின்றன. வெளுத்துத் தெரியும் அந்தத் தாள் புழுதியைத் தடுக்கும். புகையின் நுண்துகளை முன்போலத் தடுக்காது. கழுவிப் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருந்தாலன்றி, தாள் ஃபில்டரைக் கையால் மெல்லத் தட்டிப் போடுவதற்கு மேல் எதுவும் செய்யாமலிருப்பதே முறை. சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள பொருளுக்கு இத்தனை சிக்கனம் தேவையில்லை.

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் முதலில் தெரிவது மாசு அன்று, காற்றின் குறைவு. புளோயரை மூன்றிலும் நான்கிலும் வைத்தாலும் இரைச்சல் கூடுமே தவிரக் குளிர் பின் இருக்கைக்கு எட்டாது. கேஸ் குறைந்துவிட்டது என்று கருதி, கேஸ் நிரப்பச் செலவழிப்பவர்களும் உண்டு. ஃபில்டரே இல்லாமலோ கிழிந்த ஃபில்டரோடோ ஓடுவது இதனினும் கேடு. கூலிங் காயிலின் அலுமினியத் தகடுகள் ஏசி ஓடும்போதெல்லாம் நீர் பூத்து ஈரமாகவே இருப்பதால், வடிகட்டப்படாத புழுதி அவற்றில் பட்டுச் சேறாகப் படிகிறது. அச்சேற்றில் பூஞ்சை வளர்ந்து, ஏசியைப் போட்ட முதல் நிமிடத்தில் புளித்த நாற்றம் அடிக்கிறது. அந்தக் காயிலைச் சுத்தம் செய்யப் பல கார்களில் டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்தால், ஃபில்டர் நுரையீரலோடு பணப்பையையும் காக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

மாற்றும் முறை எளிது. பெரும்பாலான கார்களில் ஃபில்டரின் இடம், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் முன்னுள்ள குளோவ் பாக்ஸ் எனப்படும் பெட்டிக்குப் பின்புறம். எனினும் சில கார்களில் அது காலடியிலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும் என்பதால், காரோடு வந்த கையேட்டை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. எஞ்சினையும் ஏசியையும் நிறுத்தி, பெட்டியைக் காலி செய்து திறந்தால், அதன் இரு பக்கச் சுவர்களிலும் பெட்டி முழுதாகக் கீழே விழாமல் தடுக்கும் பிளாஸ்டிக் தடைகள் தென்படும். சில கார்களில் பெட்டியின் சுவர்களை இரு கைகளாலும் உள்நோக்கி அழுத்தினால் அவை விடுபடும், வேறு சிலவற்றில் அவற்றைத் திருகி எடுக்க வேண்டும். பெட்டி மெதுவாக இறங்குவதற்கென ஒரு பக்கத்தில் சிறு கம்பியோ கயிறோ மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டபின் பெட்டி முழங்கால்வரை தாழும். அதன் பின்னே, இரு முனைகளிலும் கிளிப் உள்ள நீண்ட மூடி தெரியும். கிளிப்பை விரலால் அமுக்கி மூடியை எடுத்ததும் ஃபில்டரின் விளிம்பு கைக்கு அகப்படும்.

அதை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மடிப்புகளில் தேங்கிய சருகும் புழுதியும் புளோயருக்குள் கொட்டினால், பின்பு விசிறி சுற்றும்போதெல்லாம் கரகரப்பு கேட்கும். ஆகவே மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, சாய்க்காமல் கிடைமட்டமாகவே உருவ வேண்டும். உருவும்போதே அதன் சட்டத்தில் அச்சிட்ட அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டியது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது நல்லது. அம்பு காற்று செல்லும் திசையைக் காட்டுவதானால், காற்று மேலிருந்து இறங்கும் அமைப்பில் அது கீழ்நோக்கியும், ஃபில்டர் செங்குத்தாக நிற்கும் அமைப்பில் காயிலை நோக்கியும் இருக்க வேண்டும். மேல்பக்கத்தைக் குறிக்க மட்டுமே அம்பு போடுவதும் உண்டு என்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காலியான பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்து, புது ஃபில்டரின் நுரை விளிம்பு எங்கும் மடங்காமல் தள்ளி, மூடியையும் பெட்டியையும் எடுத்த வரிசைக்கு நேர்மாறாக மாட்டினால் வேலை முடிந்தது. விளிம்பில் அரை விரற்கடை இடைவெளி விட்டாலும் காற்று சுலபமான அவ்வழியையே தேடிப் போகும் என்பதால், விலை மலிவென்று அளவு பொருந்தாத ஃபில்டரை வளைத்துத் திணிப்பதில் பயனில்லை. வாங்கும்போது காரின் பெயரோடு அது தயாரான ஆண்டையும் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்.

கடையில் இன்னொரு கேள்வியும் எழும்: சாதாரணத் தாளா, கரி கலந்ததா? முன்னது துகளை மட்டும் தடுக்கும். பின்னதில் செறிவூட்டிய கரி இருப்பதால் நாற்றத்தையும் சில நச்சு வாயுக்களையும் தன் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்ளும். இக்கரியின் சிறந்த மூலப்பொருள்களுள் ஒன்று தேங்காய்த் தொட்டி. காங்கேயம் வட்டாரத்தில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஒரு கிராம் கரியின் நுண்துளைப் பரப்பை விரித்தால் 1,000 சதுர மீட்டர் அளவுக்குக்கூட வரும். எனினும் கார்பன் மோனாக்சைடை இக்கரி பிடிக்காது. நின்ற காரில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு உறங்குவோரை எந்த ஃபில்டரும் காப்பாற்றாது.

எப்போது மாற்றுவது என்பதற்குக் கையேடுகள் கிலோமீட்டர்க் கணக்கு ஒன்றைத் தருகின்றன. பொதுவாக 10,000 முதல் 20,000 கி.மீ. வரை, அல்லது ஓராண்டு. தூசி மிகுந்த ஊரில் முன்னதாகவே மாற்றுமாறு அவையே சொல்கின்றன. திருக்கோவிலூரில் இருப்பவர் மீட்டரைவிட வேளாண் நாட்காட்டியைப் பின்பற்றுவதே பொருத்தம்: அரவையும் அறுவடையும் ஓய்ந்து கோடைப் புழுதி தொடங்கும் பங்குனியில் ஒருமுறை புதியது போட்டு, ஆடிக் காற்று அடித்து முடிந்ததும் திறந்து பார்த்து, மழைக்கு முன் தேவையானால் மாற்றிக்கொள்ளலாம். நாளும் கல்வராயன் மலையேறி வெள்ளிமலைப் பக்கம் போய்வரும் வண்டிக்கும், கடைவீதிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கும் கணக்கு ஒன்றாகாது.

வெளிக்காற்றை நிறுத்தி உட்காற்றையே சுழற்றும் பொத்தானுக்கும் இதில் பங்குண்டு. கரும்பு லாரிக்குப் பின்னாலோ சோகைப் புகைக்கு நடுவிலோ போகும்போது அதை அமுக்கினால், ஏற்கெனவே வடிகட்டிய காற்றே பெரும்பாலான கார்களில் திரும்பத் திரும்ப ஃபில்டர் வழியே சென்று மேலும் தூய்மையாகும். ஆனால் பௌர்ணமி இரவில் கிரிவலம் முடித்து, சுமார் 35 கி.மீ. தொலைவிலுள்ள திருவண்ணாமலையிலிருந்து ஐந்து பேர் அடைத்துக்கொண்டு திரும்பும் காரில் அதே பொத்தானை விட்டுவைத்தால், மூச்சில் வெளியேறும் கரியமில வாயு பெருகி, ஏற்கெனவே களைத்த ஓட்டுநருக்கு மந்தமும் தூக்கமும் வரும். புகை தாண்டியதும் வெளிக்காற்றைத் திறந்துவிட வேண்டும். லாரிகளைப் பொறுத்தவரை, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இத்தூசியை மிகுதியாகச் சுவாசிக்கும் கரும்பு டிராக்டர் ஓட்டுநருக்கோ நான்கு பக்கமும் திறந்த இருக்கைதான். அவருக்குத் தலைத்துண்டே ஃபில்டர்.

நனைந்த ஃபில்டருக்குக் காலக்கணக்கு கிடையாது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததைத் தொடர்ந்து, சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரால் பெண்ணையாறு கரைபுரண்டதைப் போன்ற வெள்ளத்தில் காருக்குள் நீர் ஏறியிருந்தால், மற்றப் பாகங்களை மெக்கானிக்கிடம் காட்டும்போதே ஃபில்டரையும் எறிந்துவிட்டுப் புதியது போட வேண்டும். காய்ந்தாலும் அதில் பூஞ்சை தங்கிவிடும். வைக்கோற்போருக்கு அருகில் நிறுத்தப்படும் வண்டிகளில் எலி புகுந்து, தாளைக் கடித்துக் கூடு கட்டுவதும் உண்டு. புளோயர் போட்டதும் மூத்திர வாடை வந்தால் முதலில் திறந்து பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான். பழைய, விலை குறைந்த சில மாடல்களில் ஃபில்டருக்கான பள்ளம் இருந்தும் ஃபில்டர் இல்லாமலே வண்டி விற்கப்பட்டதுண்டு. அவற்றில் பள்ளத்தை மறைத்திருக்கும் பிளாஸ்டிக் தகட்டை அறுத்து எடுத்தபின்பே ஃபில்டரையும் அதற்கான மூடியையும் பொருத்த முடியும். அறுக்கும் கத்தி உள்ளே கூலிங் காயிலில் பட்டுவிட்டால் கேஸ் முழுவதும் போய்விடும் என்பதால், அந்த முதல் பொருத்தத்தை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. அடுத்த முறை முதல் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.