செப்புக் காசும் சுவீடன் வேந்தரும்

நாணயம் என்னும் சொல் தமிழிலே காசையும் குறிக்கும். வாக்குத் தவறாமையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒன்றியும் பிரிந்தும் நின்ற கதையைச் சுவீடன் தேசத்துச் செப்புக் காசுகளிற் காணலாம்.

ஐரோப்பாவின் ஏனைய நாடுகளிலே செம்பு பெரும்பாலும் சில்லறைக்குரிய உலோகமாகவே இருந்தது. சுவீடனிலோ பாலுன் நகரத்துச் சுரங்கம் செம்பை வாரி வழங்கிற்று, வெள்ளி அரிது. டென்மார்க்குடன் நிகழ்ந்த போரின் முடிவில், எல்வ்ஸ்போர்க் கோட்டையை மீட்பதற்குச் செலுத்த நேர்ந்த பத்து இலட்சம் தாலர் வெள்ளி கருவூலத்தை வறிதாக்கிற்று. ஆகவே இரண்டாம் குஸ்தாவ் அடொல்ப் மன்னர் 1624 இல் செம்பையும் நாணய உலோகமாக்கினார். செம்பின் ஒரு பகுதியை உள்நாட்டிலே காசாக நிறுத்திவிட்டால் வெளிநாட்டுச் சந்தையில் அதன் விலை உயரும் என்பது அரசின் கணக்கு.

வெள்ளிக்கு ஈடாகச் செம்பைக் கொடுப்பதாயின் நிறை மிகுத்தே கொடுத்தல் வேண்டும். அவர் மகள் கிறிஸ்தீனா அரசியின் காலத்தில், 1644 இல், வெளிவந்த பத்துத் தாலர் நாணயம் ஏறக்குறைய 19.7 கிலோகிராம் நிறையுடையது! அது வட்டக் காசன்று. நான்கு மூலைகளிலும் நடுவிலும் முத்திரை பொறித்த நீண்ட செப்புப் பலகை. அதனைத் திருடவும் இருவர் வேண்டும். ஆயினும் அதில் வஞ்சகமில்லை. பொறித்த பெறுமதி உலோகத்திலேயே இருந்தது. இச்சுமையே 1661 இல், ஸ்ரொக்ஹோமில், பால்ம்ஸ்துறுக் என்பாரின் வங்கி ஐரோப்பாவின் முதல் வங்கித்தாளை வெளியிடுதற்கும் ஏதுவாயிற்று.

பன்னிரண்டாம் சாள்ஸ் மன்னர் காலத்திற் கதை தலைகீழாயிற்று. 1709 இல் பொல்தாவாவிலே தோற்றும் அவர் போரை விட்டாரில்லை. பணத்துக்கு எங்கே போவது? 1715 முதல், ஐந்து கிராமும் தேறாத சிறு செப்புக் காசுகள் ‘ஒரு தாலர்’ என்று முத்திரையிடப்பட்டுக் கோடிக்கணக்கில் வெளிவந்தன. அன்றைய ஒரு தாலர் செப்புப் பலகையோ முக்காற் கிலோகிராம் அளவினது! 1716 ஆம் ஆண்டுக் காசிலே ‘பொது நம்பிக்கை’ எனப் பொருள்படும் இலத்தீன் வாசகமும் பொறிக்கப்பட்டது. நம்பிக்கை குறையுமிடத்தேதான் அதனை எழுதிக் காட்டவேண்டியிருக்கிறது போலும்.

1718 இல் மன்னர் போர்க்களத்திற் குண்டுபட்டு மாண்டார். பழி முழுவதும் அவருடைய ஆலோசகர் கோர்ட்ஸ் பிரபுவின் தலையில் விழுந்தது. 1719 இல் அத்தலையே வெட்டப்பட்டது. ஆணையிட்டவர் அரசர் என்பதை நாம் மறத்தலாகாது. அவர் தங்கை உல்றிக்கா எலியொனோரா அரசியானதும் அக்காசுகளின் பெறுமதி குறைக்கப்பட்டது. அவற்றைக் கூலியாகவும் விலையாகவும் பெற்றிருந்த குடிகளே நட்டமடைந்தனர்.

பாரமான பலகைகளோ 1776 வரை நிலைத்தன. அதன்பின் அவை வெறுஞ் செம்பாக விற்கப்பட்டன. 1783 இல் இந்தியாவை நோக்கிச் சென்ற ‘நிக்கோபார்’ என்னும் டேனியக் கப்பல் தென்னாபிரிக்கக் கரையோரம் மூழ்கிற்று. இரு நூற்றாண்டுகளின்பின், 1987 இல், அதன் சரக்கிலிருந்து ஆயிரக்கணக்கான பலகைகள் மீட்கப்பட்டன.