மாக்ஸி: சோடா பாட்டிலில் பிறந்த ‘தில்’!

‘அந்தப் பொண்ணுக்கு மாக்ஸி அதிகம்’ என்று ஓர் அமெரிக்கர் சொன்னால், அவர் டிரெஸ் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்கள் போடும் நீள கவுனுக்குப் பெயர் மேக்ஸி. இது மாக்ஸி. தைரியம், துணிச்சல், கொஞ்சம் துடுக்குத்தனம் மூன்றும் கலந்த குணத்துக்கு அமெரிக்க ஆங்கிலத்தில் இப்படி ஒரு பெயர். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், ‘தில்’!

தைரியத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பலவும் உடம்புக்குள்ளிருந்து வந்தவை. ‘கரேஜ்’ என்ற சொல்லின் மூலம், இதயத்தைக் குறிக்கும் ‘கோர்’ என்ற லத்தீன் சொல். ‘கட்ஸ்’ என்றால் குடல். ‘நெர்வ்’ என்றால் நரம்பு. ‘பிளக்’ என்ற சொல் கறிக்கடையிலிருந்தே வந்தது. ஆட்டை அறுத்துச் சுத்தம் செய்யும்போது பிடுங்கி எடுக்கும் இதயம், ஈரல், நுரையீரல் எல்லாம் சேர்ந்ததுதான் பிளக். அதாவது, நம்ம ஈரக்குலை! பயந்தால் நமக்கு ஈரக்குலை நடுங்கும். அவர்களுக்கோ தைரியமே ஈரக்குலைதான்.

நாமும் ‘நெஞ்சுரம்’ என்கிறோம். இந்தியிலிருந்து வந்த ‘தில்’லுக்கும் இதயம் என்றுதான் அர்த்தம். ஆனால், மாக்ஸி மட்டும் எந்த உறுப்பிலிருந்தும் வரவில்லை. அது ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலின் லேபிளிலிருந்து வந்தது.

நரம்புக்கு ஒரு பானம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் என்ற ஊர். அங்கே அகஸ்டின் தாம்சன் என்ற ஹோமியோபதி டாக்டர் இருந்தார். 1880-களில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த பானத்தின் பெயர், ‘மாக்ஸி நெர்வ் ஃபுட்’. அதாவது, நரம்புகளுக்கான உணவு. பக்கவாதம், மூளை பலவீனம், பதற்றம், தூக்கமின்மை என்று பலவற்றுக்கும் இது நல்லது என்று விளம்பரம் செய்தார்கள். பஸ் ஸ்டாண்டு சுவர்களில் ‘நரம்புத் தளர்ச்சியா?’ என்று கேட்கும் போஸ்டர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த பாணி புதிதல்ல.

அந்தக் காலத்து அமெரிக்காவில் இது சகஜம். 1886-ல் அட்லாண்டாவில் ஜான் பெம்பர்டன் என்ற மருந்தாளுநர் உருவாக்கிய கோகோ கோலாவும் ஆரம்பத்தில் டானிக் என்று சொல்லித்தான் விற்கப்பட்டது.

மாக்ஸியின் தனி அடையாளம் கசப்பு. அதில் ஜென்ஷியன் என்ற கசப்பு வேரின் சாறு சேர்க்கப்படுகிறது. இனிப்பு சோடாவை எதிர்பார்த்துக் குடிப்பவர்கள் முதல் வாயிலேயே முகம் சுளிப்பார்கள். நிலவேம்புக் கஷாயம் குடித்துப் பழகியவர்கள் ஒருவேளை சமாளித்துவிடலாம்!

யார் அந்த லெப்டினன்ட்?

‘மாக்ஸி’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது? தாம்சன் தரப்பு ஒரு கதை சொன்னது. லெப்டினன்ட் மாக்ஸி என்ற நண்பர், தென் அமெரிக்காவில் ஓர் அபூர்வச் செடியைக் கண்டுபிடித்தாராம். அவர் நினைவாகத்தான் இந்தப் பெயராம். ஆனால், அப்படி ஒரு லெப்டினன்ட் இருந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

தாம்சன் பிறந்தது மெய்ன் மாநிலத்தில். அங்கே மாக்ஸி அருவி, மாக்ஸி குளம் என்றெல்லாம் இடங்கள் இருக்கின்றன. அந்த மண்ணின் பூர்வகுடி மக்களின் மொழியில் ‘கறுத்த நீர்’ என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. சொந்த மண்ணின் பெயரை எடுத்து, அதற்கு வெளிநாட்டுக் கதை கட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

1906-ல் உணவு, மருந்துக் கலப்படத்துக்கும் பொய்யான லேபிள்களுக்கும் எதிராக அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகு நோய் தீர்க்கும் வாக்குறுதிகளை மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. ‘நெர்வ் ஃபுட்’ போனது, ‘மாக்ஸி’ நின்றது.

பிராண்டு பெயர் சொல்லானது எப்படி?

பானத்துக்கு விளம்பரம் தூள் பறந்தது. காரின் மேல் பொம்மைக் குதிரையைப் பொருத்தி, அதில் ஆளை உட்கார வைத்து ஊர் ஊராக ஓட்டினார்கள். பேஸ்பால் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸ் விளம்பரங்களில் வந்தார். பட்டிதொட்டியெல்லாம் பெயர் பரவியது.

ஆங்கிலத்தில் ‘நெர்வ்’ என்ற சொல்லுக்கு நரம்பு என்றும் அர்த்தம், துணிச்சல் என்றும் அர்த்தம், ‘எவ்வளவு திமிர்’ என்றும் அர்த்தம். நெர்வுக்கான பானம் மாக்ஸி என்றால், மாக்ஸி உள்ளவர் துணிச்சல்காரர்தானே! 1930 வாக்கில் இது சின்ன எழுத்தில் தொடங்கும் சாதாரணச் சொல்லாக அச்சில் வந்துவிட்டது. இன்று அகராதிகள் இதற்குத் துடிப்பு, துணிச்சல், விடாமுயற்சி என்று பொருள் தருகின்றன.

பானம் இன்னும் விற்பனையில் இருக்கிறது. 2005-ல் மெய்ன் மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வ கூல்டிரிங்ஸாக அறிவித்தது. அந்த மாநிலத்தின் லிஸ்பன் ஃபால்ஸ் என்ற ஊரில் ஜூலை மாதம் மாக்ஸி திருவிழா நடக்கும். 2018-ல் கோகோ கோலா நிறுவனமே இந்த பிராண்டை வாங்கிவிட்டது.

யாரைச் சொல்லலாம், யாரைச் சொல்லக் கூடாது?

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். போர்க்களத்தில் உயிரைக் கொடுத்த வீரரைப் பற்றிப் பேசும்போது மாக்ஸி என்று சொல்ல மாட்டார்கள். அது கொச்சையாகிவிடும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மீட்டிங்கில் எழுந்து, ‘இந்தக் கணக்கு தப்பு சார்’ என்று சொல்லும் பெண்ணுக்கு மாக்ஸி இருக்கிறது. தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஆளிடம் அடி வாங்கியும் மறுபடி எழுந்து நிற்கும் பாக்ஸருக்கு மாக்ஸி இருக்கிறது. சிறியவர் பெரியவரை எதிர்த்து நிற்கும் இடத்தில்தான் இந்தச் சொல் பொருந்தும்.

அதனாலேயே இதில் ஒரு சிக்கலும் உண்டு. ‘உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை’ என்ற ஆச்சர்யம் பாராட்டுக்குள் ஒளிந்திருக்கும். நம்ம ஊரில் ‘பொம்பளையா இருந்தாலும் தைரியமா பேசுச்சு’ என்று சொல்வார்களே, அந்த ‘இருந்தாலும்’ இதற்குள்ளும் இருக்கலாம். எனவே, உங்கள் மேலதிகாரியிடம் ‘உங்களுக்கு மாக்ஸி இருக்கு மேடம்’ என்று சொல்வதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். ஆபீஸ் கடிதத்தில் எழுதவே வேண்டாம். இது பேச்சு வழக்குச் சொல்.

ஆனால், அந்தப் பெண்களே இந்தச் சொல்லைக் கையில் எடுத்தால் கதை மாறும். 2021-ல் நெட்ஃப்ளிக்ஸில் வெளியான ‘மாக்ஸி’ படத்தை ஏமி போலர் இயக்கியிருந்தார். பள்ளியில் பெண்களை மட்டம்தட்டுவதைப் பொறுக்க முடியாத ஒரு மாணவி, பெயர் போடாமல் ஒரு கையடக்கப் பத்திரிகையை ரகசியமாக அச்சிட்டு விநியோகிக்கிறாள். அந்தப் பத்திரிகைக்கு அவள் வைத்த பெயர், மாக்ஸி.

அதே ஆண்டு இந்தப் பெயர் செவ்வாய் கிரகத்திலும் ஒலித்தது. நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவரில் இருந்த ‘மாக்ஸி’ என்ற கருவி, செவ்வாயின் கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தது. முதல் முயற்சியில் கிடைத்தது சுமார் 5 கிராம். ஒரு விண்வெளி வீரர் 10 நிமிடம் சுவாசிக்கும் அளவு. 2023 வரை 16 முறை இயங்கி, மொத்தம் 122 கிராம் தந்தது. ஒரு டோஸ்டர் அளவு பெட்டி, வேறொரு கிரகத்தில் மூச்சுக்காற்று தயாரித்ததற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா என்ன?

பாட்டிலில் இருந்த பானம் யாருக்கும் தைரியம் கொடுத்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெயருக்குத் தைரியத்தைக் கொடுத்தவர்கள், எதிர்பாராத இடத்தில் எழுந்து நின்று பேசிய மனிதர்கள்தான். அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். உங்கள் வீட்டு ‘மாக்ஸி’ யார்? கமென்ட்டில் சொல்லுங்கள்!